ராட்டினத்துக்கும் சட்டம் வேண்டும்

2016-ஆம் ஆண்டு மே மாதம், கோடை விடுமுறையின் நடுவில், மேற்குத் தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா பொழுதுபோக்குப் பூங்காவில் 'டிஸ்கோ டான்ஸ்' என்ற சுழல் ராட்டினத்துக்குச் சோதனை ஓட்டம் நடந்தது. இருக்கைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பூங்காவின் ஊழியர்கள். ஓட்டத்தின் நடுவே ராட்டினம் சரிந்து விழுந்தது. இளம் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார்; உடன் இருந்த பலர் காயமடைந்தனர். சீட்டு வாங்கிக்கொண்டு வந்த பொதுமக்கள் யாரும் அதில் இல்லை என்ற செய்தி அன்று பலருக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலில் நமக்கு உடன்பாடு இல்லை.

ஓர் இயந்திரம் பாரம் தாங்குமா என்று பார்க்க வேண்டுமென்றால் அதில் பாரத்தை ஏற்ற வேண்டும். மனிதர்களை ஏற்றக் கூடாது. மணல் மூட்டையைக் கட்டி ஓட்டலாம். தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை வைத்து ஓட்டலாம். உலகெங்கும் ராட்டினம் செய்பவர்கள் இப்படித்தான் சோதிக்கிறார்கள். காலியாகவும், முழுப் பாரத்துக்கு மூட்டைகளை ஏற்றியும் பல சுற்றுகள் ஓடிய பிறகே மனிதர் ஏற வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். ஒரு மூட்டை மணலின் விலை என்ன என்பது கட்டடத் தொழில் செழிக்கும் நம் புறநகரில் எல்லோருக்கும் தெரியும். அதைவிட மலிவாகக் கிடைத்தது ஓர் இளைஞரின் உயிர் என்பதுதான் அன்று நடந்த குற்றத்தின் சாரம். மேலாளர் 'ஏறி உட்கார்' என்று சொன்னால் மறுத்துப் பேசும் நிலையில் ஒரு தினக்கூலித் தொழிலாளி இருப்பதில்லை. அவரிடம் யாரும் சம்மதம் கேட்பதும் இல்லை.

அதன் பிறகும் சென்னையைச் சுற்றி இத்தகைய நிகழ்ச்சிகள் நடந்தன. 2019 ஜூன் மாதம் பூந்தமல்லி அருகே குயின்ஸ்லேண்ட் பூங்காவில், உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் ராட்டினத்தின் இரும்பு வடம் அறுந்தது. ஏறியிருந்தவர்கள் பெரிய காயமின்றித் தப்பினார்கள். அந்தக் காட்சி கைபேசிகளில் பரவியது. 2025 மே 27-ஆம் தேதி மாலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் விஜிபி யுனிவர்சல் கிங்டம் பூங்காவில் 'டாப் கன்' ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோனது. குழந்தைகள், பெண்கள் உட்பட 30-க்கும் மேற்பட்டவர்கள் மணிக்கணக்கில் மேலேயே மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்பு மீட்புப் பணித்துறையினர் வானளாவும் ஏணி வாகனத்தைக் கொண்டுவந்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. மீட்புப் பணியினரின் திறமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் நடுவானில் நின்ற ராட்டினத்திலிருந்து ஆட்களை இறக்கும் வழியை அந்த ராட்டினத்தை வாங்கும்போதே யோசித்திருக்க வேண்டும். மின்சாரம் போனாலும் மோட்டார் பழுதானாலும் கையால் இயக்கிக் கீழிறக்கும் ஏற்பாடும், அதைச் செய்யப் பழகிய ஆட்களும் இல்லாத ராட்டினம் ஓடுவதற்கே தகுதியற்றது.

மூன்று பூங்காக்கள், மூன்று உரிமையாளர்கள், மூன்று வகை இயந்திரங்கள். மூன்றிலும் நடந்தது ஒன்றே. விபத்து நடந்த மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள்; பூட்டுப் போட்டார்கள்; ஆய்வுக்கு உத்தரவிட்டார்கள். முதல் நாள் வரை அந்த இயந்திரத்தை யார் பார்த்தார், என்ன எழுதிக் கையெழுத்திட்டார் என்பது மட்டும் மக்களுக்குத் தெரியவில்லை.

நாம் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு எதிரானவர்கள் அல்லர். தென்சென்னைப் புறநகரின் வாழ்க்கையில் அவற்றுக்கு ஓர் இடம் உண்டு. இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் 1990-களின் நடுவில் கிஷ்கிந்தாவைத் திறந்தபோது, பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையோரத்துக் குடும்பங்களுக்கு அது ஒரு புது உலகமாக இருந்தது. முட்டுக்காட்டில் எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்டு, ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி என்று பள்ளிச் சுற்றுலாக்கள் அங்கே போய் வந்த கதைகள் இல்லாத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லாவும் வந்துவிட்டது. கால்கள் அந்தரத்தில் தொங்க, தண்டவாளத்துக்குக் கீழே தலைகீழாகப் பாயும் 'தஞ்சோரா' என்ற ரோலர் கோஸ்டரை அதற்காக ஸ்விட்சர்லாந்து நிறுவனம் ஒன்று செய்து தந்திருக்கிறது. ஏரிகள் வீட்டுமனைகளாகி, விளையாட்டுத் திடல்கள் சுருங்கிப்போன புறநகரில், ஒரு நாள் முழுக்கப் பிள்ளைகள் ஓடி விளையாட இடம் கிடைப்பது நல்ல விஷயம். அந்த நல்ல விஷயம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

'இந்த ராட்டினத்தில் நான் ஏறலாமா?' என்ற கேள்வியோடு ஒவ்வொரு வாசகரும் ஒருநாள் வரிசையில் நிற்கிறார். அந்தக் கேள்வியில் இரண்டு பாதி இருக்கிறது. என் உடம்பு தாங்குமா என்பது ஒன்று. இந்த இரும்பு தாங்குமா என்பது மற்றொன்று. முதல் பாதிக்கு விடை சொல்ல வேண்டியவர் வாசகர். இரண்டாம் பாதிக்கு அவரால் விடை சொல்லவே முடியாது.

முதலில் உடம்பைப் பற்றிப் பேசுவோம். வேகமான ராட்டினம் வளைவிலும் இறக்கத்திலும் நம் எடையை நொடிப்பொழுதில் மாற்றுகிறது. பெரிய ரோலர் கோஸ்டர்களில் புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு விசை ஓரிரு நொடிகள் உடம்பின் மேல் விழுவது வழக்கம். 60 கிலோ எடையுள்ளவர் அந்த நொடியில் 240 கிலோவாகக் கனக்கிறார். கழுத்து அந்தக் கனத்தில் தலையைத் தாங்க வேண்டும். இதயம் அந்தக் கனத்தில் ரத்தத்தை மூளைக்கு ஏற்ற வேண்டும். ஜெர்மனியின் மன்ஹைம் மருத்துவர்கள் நலமான 55 பேரை ரோலர் கோஸ்டரில் ஏற்றி இதயத் துடிப்பைப் பதிவுசெய்து 2007-இல் வெளியிட்டார்கள். நிமிடத்துக்கு 90-ஐ ஒட்டியிருந்த சராசரித் துடிப்பு 150-ஐத் தாண்டியது. படியேறி வரும் துடிப்பு மெல்ல ஏறும். இது சில நொடிகளில் ஏறுகிறது. நல்ல இதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். அடைப்பு உள்ள இதயமும், துடிப்பு ஒழுங்கில்லாத இதயமும் தாங்கும் என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்ல மாட்டார்.

இதய நோயாளிகள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள், கழுத்து எலும்பு, முதுகுத்தண்டுக் கோளாறு உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஏற வேண்டாம் என்று எல்லாப் பூங்காக்களிலும் பலகை வைத்திருக்கிறார்கள். விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், எலும்பு தேய்ந்த முதியவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. பலகை சொல்வது சரிதான். அது போதுமா என்பதே கேள்வி. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு, நாட்டின் வயதுவந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் பெருந்தொகையினருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. தெரியாது என்பதால்தான் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி வீடுவீடாகப் பரிசோதிக்க ஆள் அனுப்புகிறது. தனக்கு நோய் இருப்பது தெரியாதவரிடம் 'நோய் இருந்தால் ஏறாதே' என்று எழுதிக் காட்டுவது எச்சரிக்கை ஆகாது. விபத்து நடந்தால் நிர்வாகம் தப்பித்துக்கொள்ள உதவும் எழுத்து அது. பூங்காவின் முதலுதவி அறையில் ஒரு செவிலியரும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் இருந்து, கடுமையான ராட்டினங்களுக்கு முன்பாக விரும்பியவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தால் அதற்கு ஆகும் செலவு அற்பம். நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் விடுமுறைக்கு முன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை பி.பி. பார்த்துக்கொண்டு கிளம்பலாம். கட்டணம் கிடையாது.

மே மாதத்து வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காலையிலிருந்து வெயிலில் வரிசையில் நின்று, தண்ணீர் குடிக்க மறந்து, மதியம் வயிறு நிறையப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நேராகச் சுழல் ராட்டினத்தில் ஏறுபவர்கள் மயங்கி விழுவதில் வியப்பில்லை. மது அருந்தியவர்களை ஏற்றவே கூடாது. முந்தானை, துப்பட்டா, அவிழ்த்துவிட்ட கூந்தல் ஆகியவற்றைப் பற்றி நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லியாக வேண்டும். 2018 பிப்ரவரியில் ஹரியாணாவின் பிஞ்ஜோரில் கோ-கார்ட் வண்டியின் சக்கரத்தில் கூந்தல் சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். தலைமுடியைக் கட்டிக்கொண்டு வரச் சொல்வதும், கட்டாதவரை வண்டியில் உட்காரவிடாததும் அங்கே நிற்கும் ஊழியரின் கடமை.

உயரம் அளக்கும் கம்பத்தைப் பற்றியும் பெற்றோரிடம் பேச வேண்டியிருக்கிறது. குழந்தையை நுனிக்காலில் நிற்கவைத்து, 'இன்னும் ஒரு விரக்கடைதானே, விடுங்க தம்பி' என்று வாயிலில் நிற்கும் பையனிடம் வாதாடும் தந்தையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கோடு அழகுக்காகப் போடப்பட்டதன்று. மடியை அழுத்தும் கம்பியும் தோள் பட்டையும் குறிப்பிட்ட உயரமுள்ள உடம்புக்காக அமைக்கப்பட்டவை. அதற்குக் குறைந்த உடம்பு கம்பிக்கு அடியில் நழுவும். அதற்கு மிஞ்சிய உடம்புக்கும் ஆபத்து உண்டு. 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் செங்குத்தாக இறங்கும் ராட்டினத்திலிருந்து விழுந்து இறந்தான். தயாரிப்பாளர் வகுத்த எடை வரம்பை அவன் எடை தாண்டியிருந்தது. பெரிய உடம்பும் உட்காரும்படி அந்த இருக்கையின் உணர்கருவியைக் கையால் மாற்றியமைத்திருந்தார்கள் என்பது விசாரணையில் தெரிந்தது. வருமானத்துக்காக விதியை வளைத்தவர்கள் செய்த பிழைக்கு ஒரு பள்ளி மாணவன் உயிரைக் கொடுத்தான். கம்பி தொடையில் அழுந்தவில்லை என்றால், கையால் தூக்கிப் பார்த்தபோது அது அசைந்தது என்றால், வாசகர் வெட்கப்படாமல் கையை உயர்த்தி 'நிறுத்துங்கள்' என்று சொல்ல வேண்டும்.

வெட்கத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ராட்டினத்தில் ஏற விரும்பாதவரை ஏற்றிவிடுவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். பள்ளிச் சுற்றுலாவில் வகுப்பே ஏறும்போது ஒரு மாணவி தயங்கினால் அவளுக்குப் 'பயந்தாங்கொள்ளி' என்ற பட்டம் கிடைக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையின் அலுவலகங்களிலிருந்து குழுவாக வரும் இளைஞர்கள் தங்கள் மேலாளர் பார்க்கிறார் என்பதற்காக ஏறுகிறார்கள். தயங்குபவரின் உடம்பு அவருக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். சொல்லிக்கொள்ள விரும்பாத நோய் இருக்கலாம். இன்னும் வீட்டில் யாருக்கும் சொல்லாத கர்ப்பம் இருக்கலாம். ஏன் என்று கேட்காமல் கீழே நிற்க விடுவதுதான் நாகரிகம். பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்கு இது வேண்டுகோள் மட்டும் அன்று, கடமை. பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் தாளில் பேருந்துக் கட்டணம் எழுதியிருக்கும் இடத்துக்குக் கீழே குழந்தையின் உடல்நிலையைக் கேட்க இரண்டு வரி வேண்டும்.

இவ்வளவையும் ஒருவர் சரியாகச் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ரத்த அழுத்தம் சரி, வயிறு லேசாக இருக்கிறது, கூந்தல் கட்டியிருக்கிறது, கம்பி பூட்டியிருக்கிறது. அப்போதும் அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்பதை அவருக்குத் தெரியாத ஒரு போல்ட்டும், அவர் பார்க்க முடியாத ஒரு வெல்டிங்கும் தீர்மானிக்கின்றன. 2019 ஜூலை 14-இல் அகமதாபாத்தின் கன்காரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊசலாடும் ராட்டினம் நடுவே முறிந்து விழுந்து இருவர் இறந்தார்கள். 2025 ஏப்ரலில் தில்லியின் கபஷேராவில் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து 24 வயதுப் பெண் இறந்தார். அவர்கள் எல்லா விதிகளையும் பின்பற்றியிருந்தாலும் உயிர் பிழைத்திருக்க வழியில்லை. 2017 ஜூலையில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் 'ஃபயர் பால்' என்ற ராட்டினத்தின் இருக்கை வரிசை ஒன்று பிய்ந்து பறந்தது. 18 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். இரும்புக் குழாயின் உட்புறத்தில் துரு அரித்திருந்தது. அன்றைக்குத்தான் அரசின் ஆய்வாளர்கள் அதைப் பார்த்து அனுமதி கொடுத்திருந்தார்கள். கண்ணால் பார்க்கும் ஆய்வு போதாது என்பதை அந்த மாநிலம் கற்றுக்கொண்டது. இறந்த இளைஞரின் பெயராலேயே 2019-இல் சட்டத்தைக் கடுமையாக்கியது. உப்புக்காற்று வீசும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஜன்னல் கம்பியே சில ஆண்டுகளில் துருப்பிடிக்கிறது. அங்கே நிற்கும் ராட்டினங்களின் இரும்பைக் கேளா ஒலி அலைகளைச் செலுத்தி உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டுவது சூதாட்டத்துக்குச் சமம்.

நம் மாநிலத்தில் இதை யார் பார்க்கிறார்கள்? குரோம்பேட்டையில் நான்கு மாடிக் குடியிருப்பில் ஒரு மின்தூக்கி வைக்க வேண்டுமென்றால், 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மின்தூக்கிகள் சட்டத்தின்படி நிறுவுவதற்கு அனுமதியும் இயக்குவதற்கு உரிமமும் பெற வேண்டும்; அரசின் ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். ஆறு பேரை நான்கு மாடி ஏற்றி இறக்கும் பெட்டிக்கு இருக்கும் இந்தச் சட்டப் பாதுகாப்பு, முப்பது பேரைத் தலைகீழாகச் சுழற்றும் இயந்திரத்துக்கு இல்லை. பொதுமக்கள் கூடும் இடங்களுக்கு உரிமம் தருவதற்காகச் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டம் 1888-ஐச் சேர்ந்தது. அதை எழுதியவர்கள் நாடகக் கொட்டகைகளை மனத்தில் வைத்து எழுதினார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் ராட்டினங்களுக்கான பாதுகாப்பு நெறிமுறையை ஐ.எஸ். 15475 என்ற எண்ணில் வெளியிட்டிருக்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தாதவரை அந்த நெறிமுறை ஓர் அறிவுரையாகவே இருக்கும். பொதுப்பணித் துறை கட்டுமானத்தைப் பார்க்கும்; தீயணைப்புத் துறை தீயைப் பார்க்கும்; மின் ஆய்வாளர் மின்சாரத்தைப் பார்ப்பார்; காவல்துறை கூட்டத்தைப் பார்க்கும். ராட்டினத்தின் அச்சையும் பேரிங்கையும் ஹைட்ராலிக் குழாயையும் பார்க்கப் பயிற்சி பெற்ற, அதற்கென்றே பொறுப்பேற்ற அதிகாரி இந்தப் பட்டியலில் யார்? சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று மூன்று மாவட்டங்களிலும், மாநகராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் சிதறிக்கிடக்கும் பூங்காக்கள் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றன என்று யாரால் சொல்ல முடியும்?

நிரந்தரப் பூங்காக்களாவது ஓரிடத்தில் நிற்கின்றன. கோயில் திருவிழாவுக்கும் பொருட்காட்சிக்கும் லாரியில் ஏற்றி ஊர் ஊராகப் போகும் ராட்டினங்களின் நிலை இன்னும் மோசம். ஒவ்வோர் ஊரிலும் இரண்டே நாளில் பூட்டி, பத்து நாள் ஓட்டி, ஒரே இரவில் பிரிக்கிறார்கள். பிரித்துப் பூட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு போல்ட் தேய்கிறது. ஒரு பின் தொலைகிறது. தொலைந்த பின்னுக்குப் பதில் கம்பி ஒன்றை வளைத்துச் செருகுவதும் நடக்கிறது. அந்த ராட்டினத்துக்கு என்ன வயது, எந்த ஊரில் கடைசியாகப் பழுதுபார்த்தார்கள் என்ற பதிவேடு எங்கும் இல்லை. மேலே ஏறும் குழந்தையின் தாய்க்குத் தெரிவது சீட்டின் விலை மட்டும்.

சட்டம் இயற்றுவது இயலாத காரியம் அன்று. இதே தாம்பரம் பகுதி அதற்குச் சாட்சி. 2012 ஜூலையில் முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அந்தப் பேருந்து எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று பெற்றிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டிலேயே பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகளை அரசு கொண்டுவந்தது. இன்று ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறப்பதற்கு முன்பு, பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, போக்குவரத்து, வருவாய், காவல், கல்வித் துறையினர் ஏறி இறங்கி, அவசர வழியும் தரைப்பலகையும் தீயணைப்பானும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். தகுதியில்லாத பேருந்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். செய்தித்தாள்களில் எத்தனை தேறின, எத்தனை தேறவில்லை என்று வருகிறது. ஒரு சிறுமியின் மரணம் விதியாக மாறியது. கிஷ்கிந்தாவில் இறந்த தொழிலாளியின் மரணம் அவ்வாறு மாறவில்லை. பத்தாண்டுகள் போய்விட்டன. இதற்கு மாறி மாறி ஆட்சிசெய்த அரசுகள் அனைத்தும் பொறுப்பு.

தண்டனையைப் பற்றியும் நம் கருத்தைச் சொல்கிறோம். விபத்து நடந்தால் முதலில் கைதாவது பொத்தானை அழுத்திய இளைஞர். அடுத்து மேலாளர். பழுதுபார்க்கப் பணம் ஒதுக்க மறுத்தவர், உதிரி பாகம் வாங்கும் கோப்பைத் தள்ளிப்போட்டவர், சான்று இல்லாமல் ஓட்டச் சொன்னவர் பெரும்பாலும் வழக்கின் எல்லைக்குள் வருவதில்லை. அலட்சியத்தால் விளையும் மரணத்துக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு இரண்டு ஆண்டுச் சிறையோடு நின்றது. பாரதிய நியாய சம்ஹிதையின் 106-ஆவது பிரிவு அதை ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியிருக்கிறது. எத்தனை ஆண்டு என்பதைவிட யாருக்கு என்பது முக்கியம். 2015 ஜூனில் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் ஓடும் ரோலர் கோஸ்டர் நின்றிருந்த காலிப் பெட்டியில் மோதியது. இரண்டு இளம்பெண்கள் கால் இழந்தார்கள். தடையை நீக்கி ஓட்டியவர்கள் அங்கிருந்த பொறியாளர்கள். ஆனால் அவர்களுக்குத் தெளிவான வழிமுறை தராத நிறுவனமே குற்றவாளி என்று நீதிமன்றம் கண்டு, 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. பொறுப்பு மேலே ஏறிப் போனால்தான் பாதுகாப்பு கீழே இறங்கி வரும். சீட்டின் பின்புறம் 'எந்த விபத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்துவிட்டால் அலட்சியத்துக்கு மன்னிப்புக் கிடைத்துவிடாது என்பதையும் உரிமையாளர்கள் அறிய வேண்டும்.

ராட்டின விபத்து அரிது, சாலை விபத்தில் சாகிறவர்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை என்று தொழில்துறையினர் சொல்வார்கள். கணக்கு உண்மைதான். நன்கு பராமரிக்கப்படும் பூங்காக்களில் ஒரு நாளில் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்கிச் சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறார்கள். ஆனால் சாலையில் நாம் நம் வேலைக்காகப் போகிறோம். வண்டியின் கைப்பிடி நம் கையில் இருக்கிறது. ராட்டினத்தில் பயத்தையே விலைக்கு வாங்குகிறோம். அந்தப் பயம் பொய்யானது, ஆபத்து ஒன்றுமில்லை என்ற உறுதிமொழிக்குத்தான் நாம் பணம் தருகிறோம். அந்த உறுதிமொழி பொய்த்தால் அது வஞ்சனை. கடுமையான ஆய்வு வந்தால் சிறு முதலாளிகள் தொழிலை விட வேண்டிவரும் என்ற வாதமும் எழும். ஆய்வின் செலவைத் தாங்க முடியாத ராட்டினம் நின்றுபோகட்டும். திருவிழாவில் குழந்தைகளுக்கு விளையாட வேறு வழி உண்டு.

தமிழ்நாடு அரசு ராட்டினங்களுக்கென்று தனிச் சட்டம் இயற்ற வேண்டும். நிரந்தரப் பூங்காவானாலும் திருவிழா ராட்டினமானாலும், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் பதிவு எண் வேண்டும். வயதும் பழுதும் எழுதப்பட்ட பதிவேடு அதனோடு பயணிக்க வேண்டும். உரிமையாளர் கூலி கொடுத்து அழைத்துவரும் பொறியாளரின் சான்று செல்லாது. அண்ணா பல்கலைக்கழகம், சென்னை ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களின் வல்லுநர்களைக் கொண்ட ஆய்வுக் குழுவை அரசு அமைத்து, செலவைக் கட்டணமாக உரிமையாளரிடம் வசூலிக்கட்டும். பள்ளிப் பேருந்துகளைப் போலக் கோடை விடுமுறைக்கு முன்பு ஆண்டுதோறும் இந்த ஆய்வு நடந்து, முடிவு வெளியிடப்பட வேண்டும். காயம் ஏற்படாமல் தப்பிய நிகழ்ச்சியையும் மறைக்காமல் தெரிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். குயின்ஸ்லேண்டில் நடந்ததை ஒரு கைபேசிக் காட்சியின் தயவில் நாம் அறிந்தோம். தொழிலாளியைப் பாரமாக ஏற்றிச் சோதிப்பது தனிக் குற்றமாக எழுதப்பட வேண்டும். அந்தச் சட்டத்தில் வேறு எந்தப் பிரிவு விடுபட்டாலும் இந்தப் பிரிவு விடுபடக் கூடாது.

சட்டம் வரும்வரை மாவட்ட ஆட்சியர்களுக்கு இருக்கும் அதிகாரமே போதும். ஒவ்வொரு ராட்டினத்தின் நுழைவிலும், கடைசியாக ஆய்வு செய்த நாள், ஆய்வு செய்தவர் பெயர், அடுத்த ஆய்வு நாள் மூன்றையும் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும் என்று செங்கல்பட்டு, காஞ்சிபுரம், சென்னை ஆட்சியர்கள் இந்தக் கோடைக்கு முன்பே ஆணையிட வேண்டும். அந்தத் தாள் இல்லாத ராட்டினத்தில் வாசகர்கள் ஏற வேண்டாம். பிள்ளைகளை ஏற்றவும் வேண்டாம். சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.